புதுச் செருப்பு

சிஷ்யருக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு முப்பத்தாறு. ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு மருத்துவர் பொன்னம்பலம், தூத்துக்குடி ஆய்வுக்கூடத்தில் பேராசிரியை ரொசாலியிடம் மாணவராகச் சேர்ந்தபோது ஊரே சிரித்தது. சிரிக்கட்டுமே, அவருக்கென்ன!

அன்று காலை மக்ரூன் பெட்டியோடு வந்தார். வாயெல்லாம் பல்.

"மேடம், ஜெயிச்சாச்சு! நம்ம கடல்பாசிப் புரதம் எச்.ஐ.வி. கிருமியை அப்படியே கட்டிப்போட்டுடுச்சு. ஒண்ணுகூட செல்லுக்குள்ள நுழையல."

"அடேயப்பா!" என்று ரொசாலி ஒரு மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டார்.

"உறவுக்கு முன்னாடி உள்ளே தடவுற களிம்பாக்கி அடுத்த வாரமே மாரிக்கனிக்குக் கொடுத்துடலாமா?"

மாரிக்கனி அவருடைய பழைய நோயாளியின் மனைவி. கணவனுக்கு எச்.ஐ.வி. உண்டு, அவளுக்கு இல்லை. அவளுக்கும் வந்துவிடக் கூடாதே என்ற கவலைதான் மனுஷனை இந்த வயதில் படிக்க வைத்தது.

"உடம்புக்கு ஒத்துக்குதான்னு சோதிக்க வேண்டாமா?"

"பாசிதானே மேடம்! இயற்கையா விளைஞ்சது. காக்க வந்தது கெடுக்குமா?"

ரொசாலி மருத்துவரின் காலைப் பார்த்தார்.

"ஏன் சார் நொண்டுறீங்க?"

"அதை ஏன் கேக்குறீங்க! பாசி எடுக்கப் போனா சிப்பி காலைக் கிழிக்குதேன்னு புதுச் செருப்பு வாங்கினேன். அசல் தோல். கடிச்சுத் தள்ளிடுச்சு."

"சிப்பி கிழிச்சுதா?"

"செருப்பு இருக்கும்போது சிப்பி எப்படிக் கிழிக்கும்?"

"அப்போ செருப்பு ஜெயிச்சாச்சு. வாங்க, பாசி எடுப்போம்."

இருவரும் கடலில் இறங்கினார்கள். உப்புத் தண்ணீர் புண்ணில் பட்டதுதான் தாமதம், "ஐயோ அம்மா!" என்று மருத்துவர் துள்ளிய துள்ளலில் ஒற்றைச் செருப்பு அலையோடு போய்விட்டது. ரொசாலியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவராலும்தான்.

மருத்துவர் கரையில் உட்கார்ந்து குதிகாலைத் திருப்பிப் பார்த்தார். தோல் உரிந்து சிவந்திருந்தது.

"நல்ல தோல்ல கிருமி சுலபமா நுழையாது மேடம். இந்த மாதிரிப் புண்ணு இருந்தா..." என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். சிரிப்பும் நின்றுவிட்டது.

"களிம்பும் இப்படிப் புண்ணாக்கிட்டா, கிருமிக்கு நாமளே வழி திறந்து விட்ட மாதிரி ஆயிடுமே!" என்று குதிகாலைத் தடவினார்.

"மாரிக்கனி கேட்டா நான் என்ன சொல்றது?"

ரொசாலி மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பை எடுத்து, மணலைத் தட்டி, அவர் கையில் கொடுத்தார்.

"செருப்பு தைச்சாச்சு, கடிக்குதான்னு பார்த்துட்டுத் தர்றோம்னு சொல்லுங்க."