துரை விழுந்த சேதி

கீழவாடி ஜமீன்தார் வன்னியத்துரை, தேர்த் திருவிழாவில் ஊரே பார்க்கக் குதிரையிலிருந்து விழுந்தார். அடி ஒன்றும் பலமில்லை. ஆனால் அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கமும் பிடிக்கவில்லை. யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் சிரிப்பதாகப் பட்டது.

குதிரைக்காரன் ஒச்சப்பன், "கொஞ்சம் பழகினாப் போதும் சாமி, நான் சொல்லித் தர்றேன்" என்றான்.

"உன்கிட்டயா நான் படிக்கணும்?" என்று சீறினார் துரை. "நான் விழுந்ததை இந்த ஊர் மறக்கணும். பௌர்ணமிக்குள்ள மறக்க வை. இல்லைன்னா பெண்டாட்டி பிள்ளையோட ஊரைவிட்டே போயிடு!"

பௌர்ணமியன்று சபை கூடியது. "மறந்துட்டாங்களா?" என்று ஒச்சப்பனிடம் கேட்டார் துரை.

"மறக்கத்தான் பார்க்கிறாங்க சாமி, முடியலை. தினமும் ஒரு ஆள் வீடு வீடா வந்து ஞாபகப்படுத்திட்டுப் போறான். அவனை நிறுத்தினா ஊர் தானா மறந்துரும்."

"எவன் அவன்? இழுத்துட்டு வா!"

ஒச்சப்பன் அரண்மனைச் சேவகனைக் கைகாட்டினான். சேவகன் முன்னால் வந்து கும்பிட்டான். "எசமான், 'துரை விழுந்ததைப் பத்திப் பேசுறீங்களா'ன்னு வீடு வீடாக் கேட்டு வரச் சொன்னது நீங்கதானே!"

சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அதுதான் துரைக்கு இன்னும் கூசியது. முகம் கறுக்க எழுந்து உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் தனியாக லாயத்துக்கு வந்தார். ஒச்சப்பனை நிமிர்ந்து பார்க்க முடியாமல், குதிரையைப் பார்த்தபடியே மெல்லக் கேட்டார்.

"கடிவாளத்தை எப்படிப் பிடிக்கணும், ஒச்சப்பா?"