நாரைக்கழியில் தரை எது?

அலைவாய் நாட்டு ராஜா பூதலவீரருக்கு ஓர் ஆசை வந்தது. ராஜாவுக்கு ஆசை வந்தால் யார் தலையில் விடியும்? மதியூகி மாசிலாமணியின் தலையில்தான்.

மதியூகி என்பது பட்டம். ஆள் என்னவோ பரம கோழை. யார் எது சொன்னாலும் தலையாட்டுவான். அப்படி ஆட்டியே அரண்மனையில் காலம் தள்ளியவன்.

சங்கதி இதுதான். நாரைக்கழி என்ற சதுப்புக்கு அடியில் எண்ணெய் கிடக்கிறதென்று சிவந்தபெருமாள் என்கிற மலைநாட்டு வியாபாரி ஒரு செம்பு நிறையக் கொண்டுவந்து காட்டினான். தோண்டினால் கஜானா நிரம்பும். ஆனால் சதுப்பில் கடப்பாரை படக்கூடாது என்பது நாட்டுச் சட்டம். எண்ணெய் கசிந்தால் இறால் குஞ்சு செத்துப்போகும். கழியோரத்து வலைக்காரர்கள் பட்டினி.

"எண்ணெயும் வரணும், சட்டமும் நிக்கணும். வழி சொல்லும். இல்லாவிட்டால் தலைப்பாகையை வைத்துவிட்டுப் போம்" என்றார் ராஜா.

சித்திரை வெயிலில் மாசிலாமணி போய்ப் பார்த்தான். கழி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மாடு மேய்ந்தது. சிவந்தபெருமாள் குதித்தே காட்டினான்.

"புழுதி பறக்குது பாரும். சட்டம் சதுப்புக்குத்தானே? இது காய்ந்த தரைன்னு எழுதிக் கொடும்."

மாசிலாமணி தலையாட்டினான். எழுதியும் கொடுத்தான். இந்த வேலைக்குப் பூம்பூம் மாடே போதுமே என்று வலைக்காரர்கள் அவன் காதுபடச் சொன்னார்கள். அதற்கும் தலையாட்டினான்.

ஆனால் நாரைக்கழி இறால் எந்த மாதம் இலைக்கு வரும் என்பது அவன் நாக்குக்குத் தெரியும். இறால் வரவேண்டுமானால் தண்ணீர் வந்தாக வேண்டுமே. ராஜாவிடம் போய்ப் பணிவாகச் சொன்னான்: துளைபோடும் கருவிகள் வந்துசேரத் தை பிறந்துவிடும். அதுவரை வியாபாரி அங்கேயே வீடு கட்டிக் காவல் இருக்கட்டும். அன்றைக்கும் அது தரையாக இருந்தால் தோண்டட்டும். கழியைக் கோடையில் மட்டுமே கண்ட சிவந்தபெருமாள் சந்தோஷமாகச் சம்மதித்தான்.

"நல்லது. எழுதிக் கொடுத்த நீரும் பக்கத்து வீட்டில் இரும்" என்றார் ராஜா.

மதியூகி இதை மட்டும் யோசித்திருக்கவில்லை.

ஐப்பசி அடைமழை பிடித்தது. ஆறுகள் கழிக்குள் இறங்கின. சிவந்தபெருமாள் வீட்டு அடுப்பில் கெண்டை துள்ளியது. மாசிலாமணி தன் வீட்டுக் கூரையில் ஏறிக்கொண்டான். எங்கிருந்தோ வந்த நாரைகள் அவனைச் சட்டை செய்யாமல் பக்கத்திலேயே உட்கார்ந்தன.

செய்தி கேட்டு ராஜா படகில் வந்தார். மார்பளவு தண்ணீரில் நின்ற சிவந்தபெருமாள் இரு கையையும் தூக்கி, படகில் ஏற்றிக்கொள்ளும்படி கெஞ்சினான்.

கூரையிலிருந்து மாசிலாமணி தொண்டையைச் செருமினான்.

"மகாராஜா, அவர் எங்கே நிற்கிறார்னு முதலில் கேளுங்கள். தரையிலென்றால் படகு எதற்கு? தண்ணியிலென்றால் தோண்ட அனுமதி ஏது?"

ஓர் அலை வந்து சிவந்தபெருமாளின் கழுத்தைத் தொட்டது.

"தண்ணிதான்" என்றான்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். கழிக்கு வெளியே, வெள்ளம் ஏறாத மேட்டில் தோண்டிக்கொள்ளச் சொன்னார். ஆழம் கூடும், செலவும் கூடும், அது வியாபாரியின் பாடு. மாசிலாமணிக்கு ஒரு பட்டுத் தலைப்பாகையை நீட்டியபடி கேட்டார்: "அதிருக்கட்டும், நீர் எங்கே நிற்கிறீர்?"

"தரையிலும் இல்லை, தண்ணியிலும் இல்லை, மகாராஜா. அரண்மனையில் இத்தனை காலம் நின்ற அதே இடம்தான்" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல் தலையாட்டினான் மாசிலாமணி.