பெருவயிற்றின் குடிகள்

பாலாற்றங்கரையில் கறிக்காகக் காளைகள் வளர்த்தவர் ஷம்ஷாத். வயது நாற்பத்திரண்டு. அதற்கு முன் பதினைந்து வருடம் ஒரு கால்நடைக் கல்லூரியின் ஆய்வகத்தில் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவினார். கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கவனித்தார்.

அவரிடம் தொழில் கற்க வந்தவர் தேவநேசன். வயது அறுபத்தொன்று. ரயில்வே கேட்டில் கொடி காட்டி ஓய்வு பெற்றவர். அவர் ஷம்ஷாத்தை அம்மா என்பார். ஷம்ஷாத் அவரை அண்ணா என்பார்.

அந்த வருடம் மழை இல்லை. பச்சைத் தீவனம் எங்கும் கிடைக்கவில்லை. கொட்டகையில் காய்ந்த வைக்கோல் மட்டும் இருந்தது. ஆனாலும் ஷம்ஷாத்தின் காளைகள் இளைக்கவில்லை.

கொட்டகை ஓரத்தில் மூடி போட்ட ஒரு தொட்டி. உள்ளே கருப்பாக, கெட்டியாக ஒரு பாகு. சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகான மொலாசஸில் அளவாக யூரியாவும் தாது உப்பும் கலந்தது. மூடியின் பிளவில், பாகுக்குள் பாதி முழுகியபடி ஒரு சக்கரம். காளை நக்கினால் சக்கரம் சுற்றும். நாக்கில் ஒட்டுகிற அளவுதான் பாகு கிடைக்கும்.

"ஏம்மா, நல்ல பொருள்னா தாராளமா வைக்கலாமே?" என்று தேவநேசன் ஒருநாள் கேட்டார்.

"அவசரம் வேணாம்ணா. சக்கரம் சுத்தற வேகம் போதும்."

தேவநேசனுக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது. சந்தையிலிருந்து கடைசியாக வந்த செவலைக் காளை எலும்பும் தோலுமாக நின்றது. மற்றவை முட்டித் தள்ளியதால் அதனால் சக்கரத்தை நெருங்க முடியவில்லை. அவர் போகிற இடமெல்லாம் அதன் கண் கூடவே வந்தது.

ஒரு காலையில் ஷம்ஷாத் வைக்கோல் வண்டிக்காகப் போயிருந்தார். தேவநேசன் தொட்டி மூடியைத் திறந்தார். அரை வாளி பாகு அள்ளிச் செவலையின் முன் வைத்தார். அது ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டு வாளியை நக்கியது. அவருக்கு மனசு நிறைந்தது.

அரை மணியில் செவலையின் தோல் துடித்தது. வாயில் நுரை தள்ளியது. வயிறு உப்பி, கால் மடங்கிக் கீழே விழுந்தது.

ஷம்ஷாத் வந்தபோது தேவநேசன் அதன் தலையை மடியில் வைத்திருந்தார்.

"எவ்வளவு குடுத்தீங்க?"

"அரை வாளி."

ஷம்ஷாத் திட்டவில்லை. உள்ளே ஓடி வினிகர் கேனை எடுத்து வந்தார். "யூரியா விஷமாயிடுச்சு. தண்ணி கொண்டாங்கண்ணா. குடம் குடமா. சில்லுனு இருக்கணும்." ரப்பர் குழாயைச் செவலையின் வாய்வழியே வயிற்றுக்குள் இறக்கினார். வினிகரும் தண்ணீருமாக ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். தேவநேசன் கிணற்றுக்கும் கொட்டகைக்கும் எத்தனை முறை ஓடினார் என்று அவருக்கே தெரியாது.

நடுப்பகலில் செவலை எழுந்து நின்றது.

ஆனால் தின்னவில்லை. மறுநாள் காலையிலும் வைக்கோலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"உயிர் பொழைச்சிடுச்சு. ஏம்மா சாப்பிட மாட்டேங்குது?"

கல்லூரி ஏலத்தில் எடுத்த பழைய நுண்ணோக்கி ஒன்று ஷம்ஷாத்திடம் இருந்தது. அதைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் வைத்தார். தின்ற தீனி முதலில் போய்த் தங்கும் செவலையின் பெருவயிற்றிலிருந்து குழாய் வழியே கொஞ்சம் நீர் எடுத்தார். ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் விட்டார்.

"பாருங்க."

தேவநேசன் குனிந்தார். "ஒண்ணும் இல்லம்மா. தூசி மாதிரி கிடக்குது."

ஷம்ஷாத் கொட்டகையில் மிகத் திடமான கருப்புக் காளையிடம் போனார். அதன் வயிற்று நீரை எடுத்து, சூடு ஆறும்முன் ஒரு துளி வைத்தார்.

"இப்பப் பாருங்க."

தேவநேசன் குனிந்தவர் நிமிரவே இல்லை.

துளி முழுக்கக் கூட்டம். உருண்டையாய், நீளமாய், மயிரிழைகள் சிலிர்க்க, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு விரைந்தன. ஒன்று வைக்கோல் நாரைக் கவ்விச் சுழன்றது. ரயில் ஓயாத ஒரு பெருநகரம் அந்தத் துளிக்குள் நடந்துகொண்டிருந்தது.

"இதெல்லாம்... உசிரா?"

"உசிருதான். இதைவிடச் சின்னது இன்னும் இருக்கு. இந்தக் கண்ணாடிக்கும் தெரியாது."

"மாட்டு வயித்துலயா?"

"மாடு வைக்கோலைச் செரிக்கறதில்லண்ணா. இதுங்கதான் செரிக்குது. பாகும் யூரியாவும் இதுங்களுக்குத்தான். இதுங்க பெருகும். இதுங்களைத்தான் மாடு சாப்பிடுது."

தேவநேசன் மெல்லக் கேட்டார். "நேத்து நான் வச்ச பாகு?"

"இதுங்க தாங்கற அளவுக்கு மேல. எல்லாம் செத்துடுச்சு."

தேவநேசன் எழுந்து சுவர் ஓரமாகப் போய் நின்றார். தோள்கள் குலுங்கின. ஒரு மாட்டைக் கொல்லப் பார்த்தேன் என்றுதான் இதுவரை நினைத்திருந்தார்.

ஷம்ஷாத் கருப்புக் காளையின் வயிற்று நீரை ஒரு வாளி எடுத்துத் துணியில் வடிகட்டினார். "பிடிங்கண்ணா. ஆறிடக் கூடாது."

"இது மருந்தா?"

"மருந்தில்ல. குடியேத்தறோம்."

தேவநேசன் வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். வெதுவெதுப்பு சட்டை வழியே உடம்பில் இறங்கியது. ஒரு சொட்டு சிந்தவில்லை. குழாய் வழியே செவலைக்குள் ஊற்றும்போது அவர் உதடு எதையோ முணுமுணுத்தது.

மூன்றாம் நாள் செவலை நாலு வைக்கோலை இழுத்தது. நான்காம் நாள் படுத்தபடி அசை போட்டது.

தேவநேசன் தானே கேட்டு வாங்கி அதன் வயிற்று நீரில் ஒரு துளியைப் பார்த்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாக அசைந்தன. பிறகு ஒன்று இரண்டாகப் பிரிவதைக் கண்டார்.

வெகுநேரம் கழித்துத் தலை நிமிர்த்தினார்.

"அம்மா, வெளிய ஒரு மாடு இருக்குன்னு இதுங்களுக்குத் தெரியுமா? வைக்கோல் போட ஒரு ஆள் இருக்கான்னு?"

"தெரியாது. பசி தெரியும். வேளைக்கு ஏதோ வருதுன்னு தெரியும்."

"எங்கிருந்து வருதுன்னு?"

ஷம்ஷாத் சில்லைக் கழுவித் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நமக்கு எங்கிருந்து வருதுன்னு நமக்குத் தெரியுமாண்ணா?"