பவர்கட் யுனைடெட்

இல்லாத ஊருக்குப் போகாத வழி சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இல்லாத ஊருக்கு ஒரு கால்பந்து கிளப் வைத்து, அதற்குப் பேரும் சின்னமும் வரைந்து அனுப்புகிற கூட்டமும் ஒன்று உண்டு. வருஷா வருஷம் அந்தத் தாள்கள் திருப்பூரில் சாந்தாமணி டீச்சரின் எம்ப்ராய்டரி யூனிட்டுக்குக் கட்டுக்கட்டாக வந்து சேரும். கையால் வரைந்திருக்க வேண்டும், கிளப் எங்கேயும் இருக்கக் கூடாது. விதி அவ்வளவுதான்.

தேறுகிற சின்னத்தை டீச்சர் நிஜ நூலில் ஜெர்சியில் தைத்துக் கொடுப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பதினோரு பையன்கள் அதை நெஞ்சில் போட்டுக்கொண்டு ஒரே ஒரு ஆட்டம் ஆடுவார்கள். ஆட்டம் முடிந்தால் அந்த கிளப் பழையபடி இல்லாமல் போய்விடும்.

டீச்சர் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக் கொடுத்தவர். வேலையை விட்ட பிறகும் அந்தப் பேர் அவரை விடவில்லை. அவரிடம் தொழில் கற்க வந்த நாச்சிமுத்து, மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். சீடருக்குத்தான் வயது அதிகம். அதனால் குரு சீடரை அண்ணா என்று கூப்பிட, சீடர் குருவை டீச்சர் என்று கூப்பிடுவார். ரிட்டயர்ட் ஆன மனுஷன், பொழுது போகாமல் வருகிறார் என்று யூனிட்டில் நினைத்துக்கொண்டார்கள். அவரும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

வந்த அன்றே அவர் கேட்டார், நல்ல சின்னம் என்று எதைச் சொல்வது?

டீச்சர் முந்தின வருஷக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவிக் காட்டினார். நடுவில் ஒரு சிங்கம். சிங்கத்தின் தலையில் கிரீடம், இரண்டு பக்கமும் நெற்கதிர், கீழே ரிப்பன், ரிப்பனில் கிளப் தொடங்கிய வருஷம். ஊரே கிடையாது, ஆனால் நூறு வருஷத்துக்கு மேல் பழமை. நாச்சிமுத்து வாயைப் பிளந்து பார்த்தார். டீச்சர் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெள்ளைத் தாளும் பென்சிலும் நீட்டினார்.

"இப்ப நீங்க வரைங்கண்ணா."

சிங்கம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்பதே அவருக்கு நினைவில்லை. கிரீடத்தை வரைந்தார். அது இட்லிப் பானை மாதிரி வந்தது.

டீச்சர் இன்னொரு தாளை எடுத்தார். எருமைக்குட்டை ரோவர்ஸ். கோல் கம்பத்துக்கு நடுவே ஒரு எருமை குறுக்கே படுத்திருந்தது, வேறொன்றும் இல்லை. அதையும் காட்டிவிட்டுக் கவிழ்த்தார். இந்த முறை நாச்சிமுத்துவின் பென்சில் தானாக ஓடியது. எருமையின் ஒரு காது மட்டும் தொங்கியதைக்கூட அவர் விடவில்லை.

"இந்த டீம் எப்படித் தோக்கும்?" என்று டீச்சர் கேட்டார்.

நாச்சிமுத்து யோசித்தார். "எருமை எந்திரிச்சுப் போச்சுன்னா தோத்துருமுங்க."

டீச்சர் தாள்களைத் திரும்பக் கட்டி அலமாரியில் வைத்தார். அன்றைய பாடம் அதோடு முடிந்தது.

ஆனால் சொல்லிக் கொடுத்தது ஒன்று, சீடர் பிடித்துக்கொண்டது ஒன்று. காம்பஸும் ஸ்கேலும் வாங்கினார் நாச்சிமுத்து. மெல்லிய கோட்டை ஊசி ஏற்காது, நிறம் கூடினால் கண் குழம்பும், இடப்பக்கம் இருக்கும் கனம் வலப்பக்கமும் இருக்க வேண்டும் என்றெல்லாம் மெஷின்காரர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். தெரிந்ததையெல்லாம் பழைய தாள்களில் கோணலைக் கண்டுபிடிக்கவே செலவழித்தார். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். அவர் பார்த்த பார்வையில் ஒரு கழுகும் ஒரு சிங்கமும் மிஞ்சவில்லை.

"அண்ணனுக்குக் கண்ணு ரொம்பக் கூர்மையாயிருச்சு" என்றார் டீச்சர் ஒருநாள். சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பில்லை. நாச்சிமுத்து அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அவர் கற்க வந்ததன் காரணம் வீட்டில் பீரோவுக்குள் இருந்தது. அது அவருடைய மகன் தரணி வரைந்த ஒரு தாள்.

ஊரெல்லாம் மணிக்கணக்கில் கரண்ட் போய்க்கொண்டிருந்த வருஷங்கள் அவை. விளக்கணைந்த மறு நிமிஷம் தெருப் பையன்கள் அத்தனை பேரும் பந்தோடு வெளியே வந்துவிடுவார்கள். கரண்ட் வந்ததும் பந்தை அப்படியே நடுத்தெருவில் போட்டுவிட்டு டிவி பார்க்க உள்ளே ஓடுவார்கள். தரணிதான் அந்தக் கூட்டத்துக்கு பவர்கட் யுனைடெட் என்று பேர் வைத்தவன். சின்னமும் அவனே வரைந்தான். சுற்றாமல் நிற்கிற ஒரு சீலிங் ஃபேன், அதன் கீழே ஒரு பந்து. ஃபேனின் மூன்று றெக்கையில் ஒன்று வளைந்து தொங்கும். அது அவர்கள் வீட்டு ஃபேன்தான். பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஏணியைத் தூக்கி வந்தபோது நாச்சிமுத்து இடித்து வளைத்த றெக்கை. அப்பனைக் கேலி செய்யத்தான் அவன் அதைச் சின்னத்தில் வைத்தான். பென்சிலை அப்படி அழுத்திப் பிடிப்பான், வரைந்து முடிப்பதற்குள் முனை பத்துத் தரம் உடையும். சின்னத்தின் கீழே ஒரு வரியும் எழுதியிருந்தான்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன பையன் திரும்பி வரவில்லை.

அதற்கப்புறம் கரண்ட் போவது நின்றுவிட்டது. தெருவில் பையன்கள் வளர்ந்து பைக் வாங்கினார்கள். வீட்டில் அந்த ஃபேனை மாற்ற நாச்சிமுத்துவின் மனைவி மரகதம் சம்மதிக்கவில்லை. அது இன்றைக்கும் டக் டக் என்று தட்டிக்கொண்டே சுற்றுகிறது. அதன் கீழே படுத்துக் கிடந்த ஏதோ ஒரு மத்தியானத்தில்தான் நாச்சிமுத்துவுக்கு அந்த ஆசை வந்தது. ஒரே ஒரு சாயங்காலம், பதினோரு பையன்கள் தரணியின் சின்னத்தை நெஞ்சில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். அதைப் பார்த்துவிட்டால் போதும். வேறு எதையும் அவர் சாமியிடம்கூடக் கேட்கவில்லை.

அந்த வருஷம் சின்னம் அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியதும் பீரோவைத் திறந்து தாளை எடுத்தார். எத்தனையோ வருஷம் அழுது அழுது பார்த்த தாள். இப்போது முதல் தடவையாக அவருக்கு அதில் தப்புகள் தெரிந்தன. றெக்கைகள் சமமாக இல்லை. கோடுகள் மெல்லிசு. பவர்கட் என்பது ஒரு கிளப்புக்கு அபசகுனமான பேர். இப்படியே அனுப்பினால் முதல் பார்வையிலேயே தள்ளிவிடுவார்கள், பையனுக்கு அவமானம் என்று நினைத்தார். நம் பிள்ளைக்கு நாம் செய்யாமல் யார் செய்வது?

வேறு தாளில் வரைய அவருக்கு மனம் ஒப்பவில்லை. அவன் தாள் அல்லவா அனுப்பப்பட வேண்டும். அதனால் அதிலேயே ரப்பர் போட்டு அழித்தார். காம்பஸ் வைத்து மூன்று றெக்கையையும் அச்சாக ஒரே அளவில் வரைந்து மையிட்டார். பேரைப் பவர் யுனைடெட் என்று மாற்றினார். கீழே இருந்த வரியை அழித்துவிட்டு, 1911, ஆறு முறை சாம்பியன் என்று ரிப்பன் போட்டு எழுதினார். பந்தை மட்டும் தொட அவருக்குக் கை வரவில்லை. மச்சினன் பேரில் தபாலில் சேர்த்துவிட்டு, அன்று இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

தேர்வு நாள் வந்தது. மேஜையின் இரண்டு பக்கமும் இருவரும் உட்கார்ந்தார்கள். டீச்சர் ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்து, தேறியதை வலப்பக்கமும் தள்ளியதை இடப்பக்கமும் வைத்துக்கொண்டு வந்தார். தரணியின் தாள் வந்தபோது அவர் கை நின்றது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு டீச்சர் அதை இடப்பக்கம் வைத்தார்.

அடுத்த இரண்டு தாள் போகும்வரை நாச்சிமுத்து பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

"அதுல என்னங்க டீச்சர் குறை?"

"குறையே இல்லீங்கண்ணா."

"அப்பறம் ஏனுங்க தள்ளீட்டீங்க?"

"இந்த டீம் எப்படித் தோக்கும்?"

நாச்சிமுத்துவின் கண் ரிப்பனுக்குப் போனது. ஆறு முறை சாம்பியன் என்று எழுதியவரே அவர்தானே.

டீச்சர் தாளைத் திரும்ப எடுத்து நடுவில் வைத்தார். 1911இல் இந்தப் பக்கம் கரண்ட்டே கிடையாது, ஃபேன் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். பிறகு பந்தின் மேல் விரலை வைத்தார்.

"பந்த வரைஞ்ச கை வேற, ஃபேன வரைஞ்ச கை வேற. பந்த வரைஞ்சவன் வெளையாடுனவன். இன்னொருத்தரு அளந்து பாத்திருக்காரு. அந்த ஃபேன் இருக்கற வீட்டுக்குள்ளயே அவரு போனதில்லைங்கண்ணா."

நாச்சிமுத்து உடைந்துபோனார். மகனைப் பற்றியும், தெருவைப் பற்றியும், ஏணி இடித்த றெக்கையைப் பற்றியும், பதினோரு பையன்களைப் பற்றியும் எல்லாவற்றையும் சொன்னார். இத்தனை நாளில் அந்த யூனிட்டில் அவருக்கு ஒரு பிள்ளை இருந்தான் என்பதே யாருக்கும் தெரியாது. அவர் எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் டீச்சர் கேட்டார்.

"அவன் வரைஞ்சது எங்கீங்கண்ணா?"

"அதுதானுங்க இது."

அந்தப் பக்கம் மெஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன. டீச்சரின் முகம் வெளுத்துப்போனதை நாச்சிமுத்து பார்த்தார். தான் செய்தது என்ன என்பது அப்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்தது. காய்ச்சல் விட்டுவைத்துப் போனது அந்த ஒரு தாள்தான். அதை அவரே தன் கையால் துடைத்துவிட்டார்.

டீச்சர் தாளைக் கவிழ்த்து வைத்தார். வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்து அவர் முன்னால் நகர்த்தினார்.

நாச்சிமுத்து வரைந்தார். முதல் றெக்கை நேராக வந்தது. இரண்டாவதும் நேராக வந்தது. மூன்றாவதை வளைக்கப் பார்த்தார். கோடு அவர் பேச்சைக் கேட்கவில்லை. கற்றுக்கொண்ட கை அதையும் நேராக்கிவிட்டது. இன்னொரு தாள் வாங்கி மறுபடி வரைந்தார். அதுவும் அப்படியே வந்தது. பென்சிலைக் கீழே வைத்தார்.

"தெனமும் தலைக்கு மேல சுத்துதுங்க. கைக்கு வர மாட்டேங்குது டீச்சர்."

டீச்சர் அவர் வலக்கையைப் பிடித்து, கவிழ்த்து வைத்த தாளின் முதுகில் வைத்தார். "கண்ண மூடிக்குங்கண்ணா. தடவிப் பாருங்க."

முதலில் ஒன்றும் தட்டுப்படவில்லை. பிறகு விரல் நுனியில் மெல்லிசாக ஒரு மேடு. பையன் அழுத்திய அழுத்தம். மையும் ரப்பரும் அந்தப் பக்கத்தோடு சரி, இந்தப் பக்கம் எதுவும் அதைத் தொடவில்லை. விரல் மேட்டைப் பிடித்துக்கொண்டே போனது. நடுவிலிருந்து ஒரு றெக்கை. இன்னொரு றெக்கை. மூன்றாவதில் போன விரல் பாதி வழியில் கீழே சரிந்தது. நாச்சிமுத்து அழுதார். சத்தம் போட்டு அழவில்லை, ஆனால் மறைக்கவும் இல்லை.

"கீழ என்னவோ எழுதியிருந்தான்னு சொன்னீங்களே?"

அவர் விரல் அந்த வரிக்குப் போனது. எழுத்தெல்லாம் திரும்பியிருந்தது. இருந்தும் தடவித் தடவிச் சொன்னார்.

"கரண்ட் வந்தா மேட்ச் முடிஞ்சது. யாரு ஜெயிச்சாலும் வீட்டுக்குப் போயிருவோம்."

டீச்சர் தாளை எடுத்து ஒரு உறையில் போட்டு அவர் மடியில் வைத்தார். இடப்பக்க அடுக்கிலும் வைக்கவில்லை, வலப்பக்கமும் வைக்கவில்லை. நாச்சிமுத்து உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"வளைஞ்ச றெக்கையோட நான் வரையப் பழகிக்கறனுங்க. அடுத்த வருஷமாச்சும் பசங்க இதப் போட்டுட்டு வெளையாடுவாங்களா டீச்சர்?"

டீச்சர் அடுத்த தாளைத் திருப்பவில்லை. அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"கரண்ட் எப்பவோ வந்துருச்சுங்கண்ணா. அவன் வீட்டுக்குப் போயிட்டான்."