இரண்டாம் அடி

குருவுக்குத் தாடி வேண்டும், சீடன் வாலிபனாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. இந்தக் கதையில் குரு எஸ்தர் டீச்சர், வயது முப்பத்தாறு. பள்ளி பள்ளியாகப் போய்க் கதை சொல்பவள். சீடர் தமிழாசிரியர் பொன்னுரங்கம், வயது ஐம்பத்தேழு. பாட்டையும் கதையையும் பிள்ளைகளுக்கு உயிரோடு சொல்லித் தருவது எப்படி என்று அவள் ஆசிரியர்களுக்குப் பத்து நாள் பயிற்சி நடத்தினாள். தினமும் முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தவர் அவர்தான்.

கூட வந்த வாத்தியார்கள் அவரைச் சும்மா விடவில்லை. "ரிட்டயர் ஆகப்போற நேரத்துல குரங்கு பொம்மைய மாட்டிக்கிட்டு ஆடப் போறீங்களா ஐயா?" என்றார்கள். அவர் ஆடத்தான் ஆடினார்.

பத்தாம் நாள் மாலை எல்லோரும் போன பிறகு அவளிடம் வந்து நின்றார்.

"டீச்சர், ஒரே ஒரு பாட்டு மட்டும் நகர மாட்டேங்குது."

"எந்தப் பாட்டு?"

"எட்டாம் வகுப்பு மனப்பாடப் பாட்டு. கையறுநிலை. தலைவன் செத்த பிறகு பாணன் அழறது. எட்டே அடி. கும்மி மெட்டுல பாடிப் பாத்தேன், பொம்மை வச்சுப் பாத்தேன், பாணனா துண்டு கட்டிக்கிட்டு நடிச்சும் காட்டினேன். மத்த பாட்டுக்கெல்லாம் பிள்ளைங்க கூரை பறக்கக் கத்துதுங்க. இதுக்கு மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்குதுங்க."

"எப்பலேர்ந்து?"

"ஐப்பசியிலேர்ந்து."

"ஐப்பசியில என்ன ஆச்சு?"

"ஒரு பிள்ளை தவறிடுச்சு. செங்கொடின்னு பேரு. காய்ச்சல்."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது இதுதான். ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை இதே பாட்டை ஒப்பிக்கச் சொன்னார். செங்கொடிக்கு முதல் அடி வந்தது, இரண்டாம் அடியில் நின்றுவிட்டாள். பக்கத்திலிருந்த பூவிழி மெல்ல உதட்டை அசைத்தாள். "யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது. வர்ற வரைக்கும் நில்லு" என்றார். மணி அடிக்கும்வரை அவள் நின்றாள். கண் சிவந்திருந்ததை அவர் பார்த்தார். அழுகை என்று நினைத்துக்கொண்டார். திங்கட்கிழமை அவள் வரவில்லை. புதன்கிழமை சேதி வந்தது.

வருகைப் பதிவேட்டில் பதினேழாம் எண்ணுக்கு நேரே சிவப்பு மையால் கோடு போட்டார். காலி இடம் தெரியாதபடி பெஞ்சில் பிள்ளைகளை நெருக்கி உட்காரவைத்தார். பயந்துவிடப் போகிறார்களே என்று, அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று சொல்லிவைத்தார். ஆனாலும் ஒரு நாள் வருகை எடுக்கும்போது, பழகிய நாக்கு, அந்தப் பேரையும் சேர்த்துக் கூப்பிட்டுவிட்டது. அன்றிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டார். எண்ணைத்தான் சொல்வார். பாவம், மூன்று மாதமாக மனைவியிடம்கூட மனசைத் திறக்கவில்லை.

"பாட்டுக்கு உயிர் குடுக்க ஒரு வழி சொல்லுங்க டீச்சர்" என்றார்.

"வகுப்புக்கு வர்றேன்" என்றாள் எஸ்தர்.

டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பொம்மை வெளியே வரப் போகிறது என்று பிள்ளைகள் அவள் பையையே பார்த்தார்கள். அவள் பையை வாசலிலேயே வைத்துவிட்டு, பிள்ளைகளோடு பெஞ்சில் இடம்பிடித்து உட்கார்ந்தாள்.

"ஐயா, புத்தகம் இருக்கட்டும். வருகை எடுங்க."

அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல "உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா" என்று பதில் வந்தது. பதினாறு சொன்னார். பதினெட்டு சொன்னார்.

"பதினேழு?" என்று கேட்டாள் எஸ்தர்.

"இல்ல, டீச்சர்" என்றார்.

"யாரு இல்ல?"

பொன்னுரங்கம் பதிவேட்டிலிருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தார். கடைசியில் சொன்னார்.

"செங்கொடி."

எஸ்தர் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "நான் அந்தப் பொண்ணைப் பாத்ததில்ல. எப்படி இருப்பா?"

பிள்ளைகள் ஐயாவைப் பார்த்தார்கள்.

"சொல்லுங்க" என்றார் அவர், தலை நிமிராமல்.

"முன்பல்லு ரெண்டும் பெருசா இருக்கும், டீச்சர்."

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

"புளியங்கொட்டைய வறுத்து எடுத்துட்டு வருவா. எல்லாருக்கும் குடுப்பா."

"பாட்டு சுட்டுப்போட்டாலும் வராது. ஆனா ஓடினா அவளை யாரும் பிடிக்க முடியாது."

கடைசி பெஞ்சிலிருந்து லோகேஷ் எழுந்தான்.

"நான் அவகூடக் காய் விட்டிருந்தேன் டீச்சர். என் ஸ்கேலை உடைச்சிட்டா. திங்கட்கிழமை பழம் விடலாம்னு இருந்தேன்."

பழம் விடுவதற்கு நீட்டுகிற இரண்டு விரலையும் சேர்த்து நீட்டினான். யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் அப்படியே நின்றான். பூவிழி மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். அதைப் பார்த்து அடுத்தவள் அழுதாள். பிறகு வகுப்பே அழுதது.

பொன்னுரங்கம் எஸ்தரின் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"டீச்சர், பாட்டை இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே."

"ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சு ஐயா. ஒருத்தர்தான் பாக்கி."

அவர் நடந்து போய், இரண்டாவது பெஞ்சின் ஓரமாக நின்றார்.

"வெள்ளிக்கிழமை அவ இங்கதான் நின்னா. உடம்பு சரியில்லன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சிக்கணும்னு தோணவும் இல்ல. மணி அடிக்கற வரைக்கும் நிக்க வச்சேன். உக்காரும்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல."

அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அன்னிக்கு அவ சொல்ல வேண்டியதை இன்னிக்கு நான் சொல்றேன்."

கையைக் கட்டிக்கொண்டு, ஒப்பிக்கிற பிள்ளையைப் போல ஆரம்பித்தார். முதல் அடி வந்தது. கரைத்துக் குடித்த பாட்டு, இரண்டாம் அடியில் நின்றுவிட்டது. உதடு அசைந்தது, குரல் வரவில்லை.

பூவிழி தலையைத் தூக்கினாள். முகமெல்லாம் ஈரம். மெல்லக் கையை உயர்த்தினாள்.

"எடுத்துக் குடுக்கலாமா ஐயா?"