பன்றி தர வேண்டிய மூன்று கவளம்

முதலில் தப்புச் செய்தது காட்டுப்பன்றிதான். இதை யார் மாற்றிச் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

விலங்குகளுக்கும் வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், ஆற்றங்கரைக் காட்டூர் ஒன்றில் ஒற்றைக்கொம்பன் என்ற யானை, கேத்தன் என்பவனோடு மரம் இழுத்து வந்தது. சங்கிலி கிடையாது, அங்குசம் கிடையாது. பகல் முழுக்க யானை தடி இழுக்கும். சாயங்காலம் கேத்தன் கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்து, வெல்லம் சேர்த்து, தலையளவு கவளம் ஒன்று உருட்டிப் பாறைமேல் தேக்கிலையில் வைப்பான். அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு. குளிக்காமல் தின்பது யானைக்கு வழக்கமில்லை. அவன் கவளம் வைப்பதற்கு முன்பே அது ஆற்றுக்குப் போய்விடும். கேத்தன் கவளத்தை வைத்துவிட்டுத் தன் கஞ்சியைப் பார்க்கக் குடிசைக்குப் போவான்.

ஒருநாள் அது குளித்துவிட்டு வந்தபோது இலை மட்டும் கிடந்தது. பக்கத்தில் பன்றி நின்று வருத்தமாய்த் தலையை ஆட்டியது. கேத்தன் வெறும் இலையை வைத்துவிட்டுப் போனதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னது.

ஒற்றைக்கொம்பன் கேத்தனிடம் கேட்கவில்லை. உழைத்தவனே போய்க் கேட்பதா என்று இருந்துவிட்டது. மறுநாளும் வெறும் இலை. மூன்றாம் நாளும் அதேதான். பசியைக்கூடப் பொறுத்துக்கொண்டது. ஒன்றுமே நடக்காததுபோலக் கேத்தன் அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நான்காம் நாள் அது ஆற்றுக்குப் போகவில்லை. குடிசை வாசலை மறித்து நின்றது. கவளத்தோடு வெளியே வந்த கேத்தனின் விலாவுக்கு நேரே அந்த ஒற்றைக் கொம்பு நீண்டது.

"மூணு நாளா வெத்து எலையக் காட்டி ஏமாத்திட்டியே, கேத்தா. இன்னைக்கு உன்னை விடமாட்டேன்."

கேத்தனுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் வைத்தேன் என்றான். கையில் இருந்த கவளமும் வேறு யாருக்கோ என்று எண்ணிய யானை நம்பவில்லை. ஓடினால் திருட்டை ஒப்புக்கொண்டதாகிவிடும், கொம்பும் விடாது. அவன் கவளத்தைக் கையில் ஏந்தி, யானையின் வாய்க்குள் முழங்கைவரை விட்டான்.

"நான் வைக்கலைன்னா இந்தக் கையை நீயே வச்சுக்க, சாமி."

கடைவாய்ப் பல் கையில் பட்டது. வெல்ல வாசனை ஏறியது. ஒற்றைக்கொம்பன் கடிக்கவும் இல்லை, விடவும் இல்லை.

அந்த நேரம் குடிசைக்கு எதிரே பாறைக்குப் பின்னால் புதர் விலகியது. யானை ஆற்றில் கிடக்கும் என்ற நம்பிக்கையில், பன்றி நிமிர்ந்தும் பாராமல் வந்து பாறையை மோந்தது. அதன் தாடையில் நேற்றைய கேழ்வரகு காய்ந்து ஒட்டியிருந்தது.

"என்ன இது, கேத்தன் இன்னும் வைக்கலையா?" என்று முனகியது.

யானை மெல்ல வாயைத் திறந்தது. கேத்தன் கையை வெளியே எடுத்துப் பார்த்தான். ஐந்து விரலும் இருந்தன. அப்படியே யானையின் காலடியில் உட்கார்ந்து சிரித்தான். சிரிப்பை நிறுத்த முடியவில்லை. ஒற்றைக்கொம்பனும் நீளமாய் ஒரு மூச்சு விட்டது. கூரைமேல் கிடந்த சருகெல்லாம் பறந்தது.

பிறகு இரண்டே எட்டில் போய்ப் பாறையை மறித்தது. ஓட வழியில்லாத பன்றி, மூன்று கவளத்தையும் எங்கேயாவது தேடிக் கொண்டுவந்து தந்துவிடுவதாகச் சத்தியம் செய்தது.

"தேடிட்டு வா. நான் இங்கதான் இருப்பேன்," என்றது ஒற்றைக்கொம்பன்.

யானை முகாமில் கவளத்தைத் தரையில் வைக்காமல், கையால் வாய்க்குள்ளேயே ஊட்டுவது அன்று தொடங்கிய வழக்கம்தான். காட்டுப்பன்றிகளும் அன்று முதல் மூக்கைத் தரையில் வைத்து முகாமைச் சுற்றித் தேடிக்கொண்டே இருக்கின்றன. சிந்தியது கிடைத்தால் அங்கேயே தின்றுவிடுகின்றன. அந்த மூன்று கவளம் இன்னும் வந்து சேரவில்லை.