வியாழக்கிழமையை மாற்றிய வரி

வேலை கற்றுக்கொள்ள வந்த இருதயராஜ், கற்றுக்கொடுத்த வான்மதியைவிட மிகவும் மூத்தவர். பள்ளிக்கூட அறிவியல் புத்தகங்கள் எழுதிப் பேர் வாங்கியிருந்தார். வான்மதி கோயம்புத்தூரில் காலண்டர் மென்பொருள் செய்யும் ஒரு கம்பெனியில் கையேடு எழுதுகிறவர்களுக்குத் தலைவி. மூத்தவர் இளையவரை மேடம் என்பார். இளையவர் மூத்தவரை சார் என்பார்.

அந்த மென்பொருளை ஆஸ்பத்திரிகள் வாங்கியிருந்தன. முன்பெல்லாம் வரவேற்பில் உட்கார்ந்திருப்பவர்கள் நோயாளிகளின் நேரத்தை அதில் பதிவார்கள். இப்போது அந்த வேலையை ஏஐ ஏஜென்ட் செய்தது. நர்ஸ் ஒரு வரி டைப் அடித்தால் போதும். மென்பொருளுக்குள் பதிய, மாற்ற, அழிக்க என்று தனித்தனியாக இருக்கும் கருவிகளில் எதை எடுப்பது, அதில் எதை நிரப்புவது என்பதை ஏஜென்ட் தானே முடிவுசெய்யும். அதற்குத் துணை, ஒவ்வொரு கருவிக்கும் எழுதி வைத்திருக்கும் விளக்கம் ஒன்றுதான்.

அந்த விளக்கங்களை எழுதும் வேலை இருதயராஜுக்கு வந்தது.

"இங்க வந்ததும் மனுஷங்களுக்கான கையேட்டுல படம் போட்டு, உதாரணம் கொடுத்து எழுதியிருக்கேன். மெஷினுக்கும் அவ்வளவு எழுதணுமா மேடம்?"

"உங்களுக்கு என்ன தோணுதுங்க சார்?"

"ரெண்டு வரி போதும்னு தோணுது. உலகத்துல இருக்கற புத்தகம் பூரா அது படிச்சிருக்கு."

அன்றைக்கு வான்மதிக்கு வேலை அதிகம். இருதயராஜ் எழுதிக் கொடுத்ததை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுத்தார்.

மழை தொடங்கிய பிறகு, திருநெல்வேலிப் பக்கத்து டயாலிசிஸ் மையம் ஒன்றிலிருந்து புகார் வந்தது. மைமூன் பீவி என்ற நோயாளிக்குச் செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் டயாலிசிஸ். ஒரு வாரம் வியாழனன்று டயாலிசிஸ் மெஷின் பழுதாகிவிட்டது. மைமூன் பீவியை வியாழனிலிருந்து வெள்ளிக்கு மாற்று என்று நர்ஸ் டைப் அடித்தார். ஏஜென்ட் மாற்றியது. வரப்போகும் எல்லா வாரங்களிலும் அவருக்கு இருந்த எல்லா நாட்களையும் எடுத்துவிட்டு, வெள்ளியை மட்டும் வைத்தது.

வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்ததால் மறுநாள் சனிக்கிழமை மைமூன் பீவி போகவில்லை; அடுத்த செவ்வாய்க்கிழமை போனபோது பட்டியலில் அவர் பேர் இல்லை. அவருடைய படுக்கையில் வேறொருவர் இருந்தார். திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு முட்டி, ஐசியுவில் சேர்த்தார்கள்.

"ஏஜென்ட் தப்புப் பண்ணியிருக்கு," என்றார் இருதயராஜ் எரிச்சலோடு. "ஒரு நாளை மாத்துன்னா ஒரு நாளைத்தானே மாத்தணும்? இதுகூடவா தெரியாது?"

வான்மதி அவரைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். மேசைமேல் போன் ஸ்பீக்கரில் கிடந்தது. மறுமுனையில் மைமூன் பீவியின் மகள் ஜுலேகா. காலையிலிருந்து கம்பெனியில் ஒவ்வொருவரிடமாகச் சண்டை போட்டு, கடைசியில் வான்மதியிடம் வந்து சேர்ந்திருந்தார்.

"எழுதினவர் வந்துட்டாருங்க," என்றார் வான்மதி. "சார், நீங்க எழுதினதை அவங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க."

"இவங்ககிட்ட எதுக்கு மேடம்..."

"வாசிங்க."

இருதயராஜ் திரையைப் பார்த்து வாசித்தார். "பதிவை வேறு நாளுக்கு மாற்ற இந்தக் கருவியைப் பயன்படுத்தவும். நோயாளியின் பெயரையும் புதிய நாளையும் கொடுக்கவும்."

ஜுலேகா உடனே கேட்டார்.

"அம்புட்டுதானா?"

"ஆமாம்மா."

"எங்க உம்மாவுக்கு வாரத்துல மூணு நாள். புதுசா ஒரு நாளைக் கொடுத்தா மத்த நாளெல்லாம் என்ன ஆகும்?"

இருதயராஜுக்குப் பதில் தெரியும். அந்தக் கருவியில், இந்த ஒரு முறை மட்டுமா, எல்லா முறையுமா என்று குறிப்பிட ஓர் இடம் உண்டு. அதைக் காலியாக விட்டால் எல்லா முறையும் மாறிவிடும். மனிதர்களுக்கான கையேட்டில் அதைச் சிவப்புக் கட்டம் போட்டு எழுதியிருந்தார்.

"ஒரு முறை மட்டும்னு குறிப்பிடலைன்னா எல்லாமே மாறிடும்மா."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் எழுதல?"

ஜுலேகா பதிலுக்குக் காத்திருக்காமல் தொடர்ந்தார்.

"உம்மா வாசல்ல நின்னு கெஞ்சியிருக்காங்க. இன்னைக்கு என் முறைதான், நல்லாப் பாருங்கன்னு. கம்ப்யூட்டர்ல இல்லன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நீங்க ஒரு வரி எழுதாம விட்டீங்க, எங்க உம்மா அங்க பொய் சொல்றவங்க ஆயிட்டாங்க." ஜுலேகாவின் குரல் உடையவில்லை. "டாக்டர் கூப்பிடுறாரு. நாளைக்குப் பேசுறேன். இன்னும் பேச வேண்டியது இருக்கு."

போனை வைத்துவிட்டார்.

"அவங்க கேட்ட கேள்வியை ஏஜென்ட் ஏன் நர்ஸ்கிட்டக் கேக்கல?" என்றார் வான்மதி.

"கேக்கணும்னு அதுக்குத் தெரியல."

"தெரியாது. சந்தேகம் வர்றதுக்கு நீங்க இடமே வெக்கல. புத்தகம் பூரா படிச்சிருக்கலாம். நம்ம கருவியில காலி இடம் விட்டா என்ன ஆகும்னு எந்தப் புத்தகத்துல இருக்கு?"

இருதயராஜ் தன் இடத்துக்குப் போய் எழுத உட்கார்ந்தார். இரண்டு வரி ஒரு பக்கமானது. இது தொடர்ந்து வரும் பதிவா என்று முதலில் பார்க்கவும். ஒரு முறையா, எல்லா முறையுமா என்ற இடத்தைக் காலியாக விட்டால் எல்லாப் பதிவுகளும் மாறிவிடும். எது என்று சொல்லப்படாவிட்டால் எதையும் மாற்றாமல், சொன்னவரிடமே கேட்கவும். மாற்றிய பிறகு எந்தெந்த நாட்கள் மாறின என்று அவருக்குத் தெரிவிக்கவும்.

வான்மதி ஒவ்வொரு வரியாகப் படித்தார். இரண்டு இடங்களில் திருத்தினார். அனுப்பினார்.

மைமூன் பீவி தானாக மூச்சு விடுகிறார் என்று மறுநாள் செய்தி வந்தது. சொன்னவர் ஜுலேகா. சொல்லிவிட்டு, பேச வேண்டிய மிச்சத்தையும் பேசினார். இருதயராஜ் குறுக்கே ஒரு சொல் சொல்லாமல் கேட்டுக்கொண்டார்.

ஜுலேகா போனை வைத்ததும் இருதயராஜ் வான்மதியின் முகத்தைப் பார்த்தார். அது இறுகியே இருந்தது.

"எம்மேல இன்னும் கோபமா மேடம்?"

"ஆமாங்க சார். எம்மேலயும்தான். சரியாப் படிக்காம அனுப்பினது நான்."

"அதான் சரி பண்ணிட்டோமே. இன்னும் எதுக்குக் கோபம்?"

வான்மதி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாத்தற கருவியைத்தான் சரி பண்ணியிருக்கோம். பதிவையே அழிக்கற கருவிக்கு எழுதின ரெண்டு வரியை இன்னும் நாம திறந்துகூடப் பாக்கல."